காற்றை உறிஞ்சினால் உறுப்பு வளருமா?

பெக்காம் போட்டுக்கொண்ட முதுகை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பினாங்கில் இருந்துகொண்டு பார்க்காமல் இருப்பது கடினம். தோலின் மீது குவளையைக் கவிழ்த்து உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சுவதைத்தான் மலாய்க்காரர்கள் பெக்காம் என்பார்கள். சீன வைத்தியர்கள் கண்ணாடிக் குவளைக்குள் நெருப்பைக் காட்டிச் சட்டென்று கவிழ்த்து அதே வேலையைச் செய்வார்கள். இரண்டு வருடத்துக்கு முன் தோள்பட்டை பிடித்துக்கொண்டபோது நானும் ஒரு பெக்காம் கடையில் குப்புறப் படுத்தேன். பிளாஸ்டிக் குவளையைத் தோளில் கவிழ்த்து, அதன் தலையில் துப்பாக்கி மாதிரி ஒரு கைப்பம்பை மாட்டி, கடைக்கார அண்ணன் மூன்று தடவை இழுத்தார். சதை குவளைக்குள் பணியாரம்போல உப்பி எழுந்தது. பத்து நிமிடம் கழித்து எடுத்தபோது வட்டமாக, கத்தரிக்காய் நிறத்தில் ஒரு தடிப்பு. வீக்கம் சாயங்காலத்துக்குள் வடிந்துவிட்டது. நிறம் மங்க ஒரு வாரம் பிடித்தது.

அந்தத் தடிப்பு மறுபடி நினைவுக்கு வந்தது லெபோ பாசார் பக்கம் ஓர் ஒட்டுக்கடையில். தெரிந்த தம்பி ஒருவன், கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தேத்தண்ணி வந்த பிறகும் குடிக்காமல் சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு கைப்பேசியை மேசைக்கு அடியில் என் பக்கம் நீட்டினான். ஒரு கண்ணாடிக் குழாய், ஒரு ரப்பர் வளையம், கையால் அழுத்துகிற பம்பு. முப்பது நாளில் ஆண்குறி இத்தனை அங்குலம் வளரும் என்று கீழே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. "அண்ணே, இது உண்மையா வேலை செய்யுமா? யாருகிட்டப் போய்க் கேக்குறதுன்னு தெரியலண்ணே" என்றான்.

அன்றைக்கு அவனிடம் சொன்னதையும், வீட்டுக்கு வந்து தேடிப் படித்ததையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். இந்தக் கேள்வியை மனசுக்குள் வைத்திருக்கிறவர்கள் எவ்வளவு பேர் என்பது மருத்துவர்களுக்குத் தெரியும். விளம்பரக்காரர்களுக்கு அதைவிட நன்றாகத் தெரியும். வெட்கப்படுகிறவனிடம்தான் பொய் சுலபமாக விலைபோகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கருவி பொய் அல்ல. சிறுநீரியல் மருத்துவர்கள் பல்லாயிரம் பேருக்குப் பரிந்துரைத்திருக்கிற, நாற்பது வருடத்துக்கு மேலாகப் புழக்கத்தில் உள்ள மருத்துவக் கருவி அது. விறைப்பு வராதவருக்கு விறைப்பைக் கொண்டுவரும். வளர்க்குமா என்று கேட்டால்தான் கதை மாறுகிறது.

பம்பு உறுப்பை இழுக்கிறது என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம். உண்மையில் வெற்றிடம் எதையும் இழுப்பதில்லை. சுற்றியிருக்கிற காற்றுதான் தள்ளுகிறது. கடல் மட்டத்தில் இருக்கிற ஜார்ஜ்டவுனில் நம் உடம்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறக்குறைய ஒரு கிலோ எடைக்குச் சமமாகக் காற்று அழுத்திக்கொண்டே இருக்கிறது. இத்தாலியில் டாரிசெல்லி 1643-ல் பாதரசக் குழாயை வைத்துக் கண்டுபிடித்த வழியில் அளந்தால் அது 760 மில்லிமீட்டர். உடம்புக்குள் இருக்கிற இரத்தமும் நீரும் அதே பலத்தோடு வெளியே தள்ளிக்கொண்டிருப்பதால் அந்தப் பாரம் நமக்குத் தெரிவதில்லை. சில ஆண்டுகள் கழித்து ஜெர்மனியில் ஓட்டோ வான் கெரிக் இரண்டு செம்பு அரைக்கோளங்களை ஒட்டவைத்து, உள்ளே இருந்த காற்றை மட்டும் பம்பால் எடுத்தார். இரண்டு பக்கமும் குதிரைகளைப் பூட்டி இழுத்தும் அவை பிரியவில்லை. ஒட்டவைத்தது பசை அல்ல, வெளிக்காற்று.

ஆண்குறியை ஓர் உருளைக்குள் விட்டு, அடியில் காற்று புகாமல் களிம்பால் அடைத்து, உள்ளிருக்கும் காற்றைக் கொஞ்சம் எடுத்துவிட்டால் இதே விஷயம்தான் நடக்கிறது. உடம்பின் மற்ற பகுதி முழுவதும் 760-ல் இருக்கும். உருளைக்குள் மட்டும் 600 என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு இரத்தம் ஓடும். பெக்காம் குவளைக்குள் என் தோள் உப்பியதும் இதே கணக்கில்தான்.

ஆனால் தோளுக்கும் ஆண்குறிக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஆண்குறிக்குள் நீளவாட்டில் இரண்டு குழல்கள் ஓடுகின்றன. உள்ளே முழுவதும் கடற்பஞ்சுபோல அறை அறையாகத் திசு. வெளியே அதைச் சுற்றி உறுதியான வெள்ளை உறை. பழைய கால்பந்து ஞாபகம் இருந்தால் எளிதாகப் புரியும். உள்ளே ரப்பர்ப் பை, வெளியே தைத்த தோல். காற்றடித்தால் பை விரியும், தோல் ஓர் அளவுக்கு மேல் விடாது. அந்தத் தடையால்தான் பந்து கெட்டியாகிறது. ஆண்குறியிலும் விறைப்பைத் தருவது இரத்தம் மட்டும் அல்ல, அதை மேலே விரியவிடாமல் பிடிக்கிற உறையும்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

இயல்பாக விறைப்பு வரும்போது நரம்புகள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைத் துளித்துளியாக விடுகின்றன. அது தமனிகளின் சுவரைத் தளர்த்துகிறது. இரத்தம் பாய்கிறது. பஞ்சு நிறைந்து உறையோடு நெருங்கும்போது, இடையில் ஓடுகிற சிரைகள் நசுங்கி வெளியேறும் வழி அடைபடுகிறது. உள்ளே வந்தது உள்ளேயே நிற்கிறது. இந்த வாயு உடம்பில் தூதாக வேலை செய்வதைக் கண்டறிந்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 1998-ல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு மார்ச்சில்தான் வயாக்ரா மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி வந்தது.

பம்பு இந்த வழியில் போவதில்லை. நரம்பும் தேவையில்லை, வாயுவும் தேவையில்லை, ஆசைகூடத் தேவையில்லை. அழுத்த வித்தியாசத்தில் தமனி வழியாகவும் இரத்தம் வரும், சிரை வழியாகத் திரும்பிப் போன இரத்தமும் பின்னோக்கி வரும். உள்ளே சேர்கிற இரத்தத்தில் ஐந்தில் இரண்டு பங்கு இப்படி வந்த சிரை இரத்தம் என்று அளந்திருக்கிறார்கள். அதனால்தான் பம்பு போட்ட உறுப்பு லேசாக நீலம் பாரித்து, தொட்டால் சற்றுக் குளிர்ந்திருக்கும். உருளையை எடுத்த மறுகணம் இரத்தம் வந்த வழியே போய்விடும். போகாமல் தடுக்க, அடியில் ஓர் இறுக்கமான ரப்பர் வளையத்தை இறக்கிவிடுகிறார்கள். வளையத்துக்கு முன்னால் விறைப்பு இருக்கும். அதற்குப் பின்னால், உடம்புக்குள் புதைந்திருக்கிற வேர்ப்பகுதியில் இருக்காது. கீல் தளர்ந்த கதவுபோல அடியில் ஆடும். முதல் தடவை பயன்படுத்துகிறவர்கள் இதைப் பார்த்துப் பயந்துபோகிறார்கள். கருவியின் இயல்பே அதுதான்.

இதைக் கடைக்குக் கொண்டுவந்தவரின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கண்ணாடிக் குழாயால் உறிஞ்சலாம் என்ற யோசனை 19ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்க மருத்துவர் ஒருவரின் எழுத்தில் இருக்கிறது. 1917-ல் ஓட்டோ லெடரர் என்பவர் ஒரு கருவிக்குக் காப்புரிமையும் வாங்கினார். ஆனால் அதை உலகம் கையில் எடுத்தது கெடிங்ஸ் ஆஸ்பன் என்கிற டயர் வியாபாரியால். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அகஸ்டா என்ற ஊர்க்காரர். 1960களில் தனக்கே விறைப்பு வராமல் போனபோது, தனக்குத் தெரிந்த தொழிலை, அதாவது காற்று, ரப்பர், பம்பு, அழுத்தம் ஆகியவற்றைக் கொண்டு ஒரு கருவியைச் செய்துகொண்டார். இருபது வருடம் தானே பயன்படுத்தினார். மருத்துவ உலகம் ஆரம்பத்தில் அவரைப் பொருட்படுத்தவில்லை. கடைசியில் 1982-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதை விற்க அனுமதித்தது. 1996-ல் அமெரிக்கச் சிறுநீரியல் மருத்துவர் சங்கம் தன் சிகிச்சை வழிகாட்டியில் அதற்கு இடம் கொடுத்தது. டயர்க் கடைக்காரர் ஒருவர் தன் வெட்கத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, பிரச்சினையைப் பிரச்சினையாகப் பார்த்ததில் பிறந்த சிகிச்சை இது. எனக்கு அவர்மேல் மிகுந்த மரியாதை உண்டு.

அந்தக் கருவி யாருக்கு? அது தேவைப்படுகிறவர் நம் வீட்டிலேயே இருக்கலாம். நீரிழிவில் நரம்பும் கெடும், மெல்லிய இரத்தக் குழாயும் கெடும். இரண்டும் கெட்டால் மாத்திரை சரியாக வேலை செய்யாது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர் வயாக்ரா வகை மாத்திரையைத் தொடவே கூடாது. இரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்கு இறங்கிவிடும். புரோஸ்டேட் புற்றுநோய்க்கு அந்தச் சுரப்பியையே எடுத்தவர்களுக்குப் பக்கத்து நரம்புகள் தேற ஒன்றிரண்டு வருடம் ஆகலாம். இரத்தம் நிறையாமல் வெகுநாள் கிடக்கும் பஞ்சுத் திசு நார்பிடித்துச் சுருங்கத் தொடங்கும். அவர்களுக்கு வெற்றிடப் பம்பைச் சீக்கிரமே தொடங்கி ஒழுங்காகப் பயன்படுத்தினால் அந்தச் சுருக்கத்தைக் குறைக்கலாம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. கவனியுங்கள்: இருந்ததைக் காப்பாற்றுகிறது. இல்லாததைக் கூட்டுவதில்லை.

பம்பைச் சரியாகப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு உறவுக்குப் போதுமான விறைப்பு கிடைக்கிறது. எல்லோரும் தொடர்ந்து பயன்படுத்துவதில்லை. இடைஞ்சலாக இருக்கிறது, இயல்பாக இல்லை என்று பாதியில் வைத்துவிடுகிறவர்கள் உண்டு. மனைவிக்குத் தெரியாமல் ஒளித்துவைத்துப் பயன்படுத்துகிறவர்களுக்கு அது இன்னும் சுமை. இருவரும் சேர்ந்து கற்றுக்கொண்ட வீடுகளில்தான் கருவி நிலைக்கிறது.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருகிறேன். அவனுக்கு விறைப்பில் எந்தக் குறையும் இல்லை. நீளம் போதாது என்ற எண்ணம்தான்.

தெஹ்ரானில் மருத்துவர்கள் இதை நேராகவே சோதித்துப் பார்த்து 2006-ல் வெளியிட்டார்கள். இழுத்து அளந்தால் 10 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்த 37 ஆண்களை எடுத்துக்கொண்டார்கள். வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு 20 நிமிடம், ஆறு மாதம் விடாமல் பம்பு. தொடக்கத்தில் சராசரி 7.6 சென்டிமீட்டர். ஆறு மாதம் கழித்து 7.9. மூன்று மில்லிமீட்டர், புள்ளியியல் கணக்கில் அது வளர்ச்சியே அல்ல, அளவுகோலைப் பிடிக்கிற கையின் வித்தியாசத்துக்குள் அடங்கிவிடும். ஆனாலும் பங்கேற்றவர்களில் 30 விழுக்காட்டினர் திருப்தியாக இருப்பதாகச் சொன்னார்கள். உறுப்பு மாறாமலே மனம் ஆறியிருக்கிறது. நோய் எங்கே இருந்தது என்பதை இந்த ஓர் எண்ணே சொல்லிவிடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏன் வளரவில்லை? அந்த வெள்ளை உறைதான் காரணம். அது தசை அல்ல. பளு தூக்கினால் புஜம் பருப்பது தசை நார்கள் தடிப்பதால். ஆண்குறியில் அப்படிப் பருக்கக்கூடிய தசை இல்லை. உறை கொலாஜன் என்கிற கயிறு போன்ற புரதத்தால் நெய்யப்பட்டது. விரியும்வரை விரிந்து, அழுத்தம் போனதும் பழைய நிலைக்கே திரும்பும். இன்னும் பலமாக உறிஞ்சினால் உறை விரியாது. தோலுக்கும் உறைக்கும் நடுவில் நீர் கோத்துக்கொள்ளும். முன்தோல் பக்கம் மெதுவடைபோல வளையமாக வீங்கும். பார்ப்பதற்குப் பருமன் கூடியதுபோல இருக்கும். இணையத்தில் முன், பின் என்று ஒட்டிவைக்கிற படங்களில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் இந்த வீக்கம்தான். சில மணி நேரத்தில் வடிந்துவிடும். என் தோளின் வீக்கம் சாயங்காலத்துக்குள் வடிந்ததுபோல. வருடக்கணக்கில் பெக்காம் போட்டுக்கொள்கிற பெரியவர்கள் பினாங்கில் இருக்கிறார்கள். ஒருவருக்கும் முதுகு அகலமானதில்லை.

அதோடு நிற்காமல் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகிறவர்களுக்குச் சிறு இரத்தக் குழாய்கள் வெடித்துச் சிவப்புப் புள்ளிகள் வரும், கருநீலமாகக் கன்றும், கொப்புளம் வரும், மரத்துப்போகும். உறையில் காயம்பட்டு நார்பிடித்தால் உறுப்பு வளைந்துவிடுவதும் உண்டு. நீளம் தேடிப் போனவர் இருந்த நேரான வடிவத்தையும் இழப்பார்.

சரி, எவ்வளவு இருந்தால் போதும்? லண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த டேவிட் வீலும் சக ஆய்வாளர்களும் 2015-ல் 20 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். மொத்தம் 15,521 ஆண்கள். யாரும் தானே அளந்து சொன்ன கணக்கு அல்ல. மருத்துவப் பணியாளர்கள் அளந்தது. தளர்ந்த நிலையில் சராசரி 9.16 சென்டிமீட்டர். விறைத்த நிலையில் 13.12. ஐந்து அங்குலத்துக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். ஆபாசப் படங்களில் வருகிறவர்கள் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். அவர்களைப் பார்த்துத் தன்னை அளப்பது, கூடைப்பந்து அணியைப் பார்த்துவிட்டு நான் குள்ளன் என்று அழுவது மாதிரி.

இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்தில் நீளமாக்கும் சிகிச்சை கேட்டு வந்த 67 பேரை மருத்துவர்கள் அளந்து 2002-ல் எழுதினார்கள். அந்த 67 பேரில் ஒருவருக்குக்கூட உறுப்பு இயல்பான அளவுக்குக் கீழே இல்லை. எல்லோரும் சராசரி ஆண்கள். அவர்கள் மனதில் வைத்திருந்த அளவுகோல்தான் தவறு. இதில் கண்ணும் சேர்ந்து ஏமாற்றுகிறது. தன் உறுப்பை மேலிருந்து குனிந்து பார்க்கிறோம். அடுத்தவரைப் பக்கவாட்டில் பார்க்கிறோம். மேலிருந்து பார்த்தால் எந்தக் கம்பும் குட்டையாகத்தான் தெரியும். தொப்பை இருந்தால் அடிப்பகுதி கொழுப்புக்குள் புதைந்துவிடும். நாசி கண்டாரும் கெட்டிப்பால் தேத்தண்ணியும் வஞ்சனை இல்லாமல் கிடைக்கிற ஊரில் இருக்கிறோம். எடை குறைத்தவர்களுக்கு உறுப்பு வளர்வதில்லை, ஆனால் புதைந்தது வெளியே தெரியும். எந்தப் பம்பும் தராத சென்டிமீட்டரை நடைப்பயிற்சி தரும்.

இந்தப் பயம் இன்று இணையத்தால் வந்தது என்று நினைக்க வேண்டாம். நம் வட்டாரத்தில் அது பழையது. அதற்கு மருத்துவப் புத்தகங்களில் பெயரே உண்டு: கோரோ. ஆண்குறி உடம்புக்குள் சுருங்கிப் போகிறது, முழுதும் போய்விட்டால் உயிர் போய்விடும் என்று திடீரென வருகிற திகில். 1967 அக்டோபரில் சிங்கப்பூரில் ஒரு வதந்தி கிளம்பியது. பன்றிக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்ட பன்றியின் இறைச்சியைத் தின்றால் உறுப்பு சுருங்கிவிடும் என்றார்கள். அடுத்த நாட்களில் ஆண்கள் கூட்டம் கூட்டமாக மருத்துவமனைக்கு ஓடினார்கள். சிலர் கையால் இறுகப் பிடித்தபடி, சிலர் கயிறு கட்டி, சிலர் சாப்பாட்டுக் குச்சிகளால் கவ்வி. பிறகு ஆய்வுக் குழு பதிவுசெய்த ஆட்கள் மட்டும் 469. ஒருவருக்கும் உறுப்பு சுருங்கவில்லை. மருத்துவர்கள் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் வந்து, இது உடம்பில் நடக்கிறது அல்ல, பயத்தில் நடக்கிறது என்று எடுத்துச் சொன்னார்கள். கூட்டம் சில வாரங்களில் வற்றிவிட்டது. மருந்தே கொடுக்காமல் பேச்சாலேயே ஒரு தொற்று நின்றது. வெளிப்படையாகப் பேசுவதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? பல ஆண்டுகள் கழித்து டாக்டர் மாத்ருபூதம் விஜய் தொலைக்காட்சியில் 'புதிரா புனிதமா' நிகழ்ச்சியில் செய்ததும் அதே வேலைதான். வீட்டில் ஒலியைக் குறைத்துவைத்துக் கேட்டவர்கள் நிறைய.

பேசாத இடத்தைச் சந்தை பிடித்துக்கொள்கிறது. பாசார் மாலாமில் ஒரு மூலையில் கண்ணாடி ஜாடிக்குள் அட்டைகள் நெளிகிற கடையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மினியாக் லிந்தா என்கிற அட்டை எண்ணெய். தடவினால் வளரும் என்பார்கள். அட்டை இரத்தத்தை உறிஞ்சி உப்புவதைப் பார்த்த கண்ணுக்கு அந்த வாக்கு நம்பும்படியாக இருக்கிறது. தோலில் தடவிய எண்ணெய் அந்த உறையைத் தொடவே தொடாது. பக்கத்திலேயே, ஆண்மையைக் கூட்டும் என்று விற்கிற தொங்காட் அலி காப்பி. எண்ணெயும் பாரஃபினும் சிலிக்கோனும் ஊசியில் ஏற்றிக்கொண்டு, கட்டியும் புண்ணுமாக அறுவைச் சிகிச்சைக்கு வருகிறவர்களைப் பற்றி நம் வட்டார மருத்துவ ஏடுகளில் படித்திருக்கிறேன். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எல்லாவற்றிலும் கொடியது 2008-ல் சிங்கப்பூரில் நடந்தது. அந்த ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் நீரிழிவே இல்லாத 150 பேர், இரத்தத்தில் சர்க்கரை அபாயகரமாக இறங்கி மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். ஏழு பேர் நினைவு திரும்பாமல் கிடந்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள். தேடிப் பார்த்தபோது, ஆண்மை மாத்திரை என்று கள்ளத்தனமாக விற்றவற்றில் கிளிபென்கிளமைடு கலந்திருந்தது. நீரிழிவு நோயாளிகளுக்குச் சர்க்கரையை இறக்கக் கொடுக்கிற மருந்து அது.

மலேசியாவில் இதற்குச் சட்டம் இருக்கிறது. 1956-ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம், பாலியல் திறனைக் கூட்டும் என்று சொல்லி எதையும் விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. பதிவுபெற்ற மருந்தில் MAL என்று தொடங்கும் எண்ணும் ஹாலோகிராம் வில்லையும் இருக்க வேண்டும். பம்பு போன்ற கருவிகளுக்கு 2012-ன் மருத்துவக் கருவிச் சட்டப்படி தனியாகப் பதிவு உண்டு. ஆனால் தம்பி பார்த்த விளம்பரம் கைப்பேசிக்குள், இரவு பன்னிரண்டு மணிக்கு, தனியாக வருகிறது. சட்டம் அந்த நேரத்தில் அவன் பக்கத்தில் இருப்பதில்லை.

மருத்துவர் பார்த்து, உங்களுக்குப் பம்பு வேண்டும் என்று சொன்னால் தயங்க வேண்டாம். அப்போது சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். வாங்குகிற கருவியில் அழுத்தத்துக்கு எல்லை போடுகிற வால்வு இருக்க வேண்டும். மருத்துவப் பம்புகள் பொதுவாக 200, 250 மில்லிமீட்டர் பாதரசத்துக்குள் தானே நின்றுவிடும். மலிவு விலைப் பொம்மைகளில் அது இருக்காது. கேஜ் இல்லாமல் டயருக்குக் காற்றடிக்க எந்தக் கடைக்காரரும் சம்மதிக்க மாட்டார். உடம்புக்கு மட்டும் ஏன் சம்மதிக்க வேண்டும்? அடிப்பகுதி முடியைக் கத்தரித்து, தண்ணீரில் கரைகிற களிம்பைத் தாராளமாகத் தடவுங்கள். உருளையை உடம்போடு நன்றாக அழுத்திப் பிடியுங்கள். விதைப்பைத் தோல் உள்ளே போகாமல் பாருங்கள். ஒன்றிரண்டு அழுத்து, பிறகு நிறுத்தம், மறுபடி ஒன்றிரண்டு. அவசரப்பட்டு அடித்தால் வலியும் இரத்தக் கன்றலும்தான் மிச்சம். வலித்தால் அப்போதே காற்றை விட்டுவிட வேண்டும். முதல் சில நாட்கள் வளையம் இல்லாமல் பழகுங்கள்.

வளையம் 30 நிமிடத்துக்கு மேல் இருக்கவே கூடாது. இதில் எந்தச் சலுகையும் கிடையாது. வளையம் போட்டிருக்கும் நேரமெல்லாம் புது இரத்தம் சரியாக வராது, திசு மூச்சுமுட்டிக் கிடக்கிறது. போட்டபடி தூங்கிவிட்டால் நிரந்தரச் சேதம் வரலாம். கருவியோடு வரும் ரப்பர் வளையத்தைத் தவிர வேறெதையும் மாட்டக் கூடாது. இரும்பு வளையத்தை மாட்டி, வீங்கிக் கழற்ற முடியாமல் போய், மருத்துவமனை பொம்பாவைக் கூப்பிட்டு, தீயணைப்பு வீரர்கள் தண்ணீர் ஊற்றிச் சூட்டைத் தணித்துக்கொண்டே சிறு வெட்டுக் கருவியால் அறுத்தெடுக்கிற செய்திகள் இந்த நாட்டுப் பத்திரிகைகளில் அவ்வப்போது வருகின்றன. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள், இரத்த நோய் உள்ளவர்கள், உறுப்பு வளைந்தவர்கள், அந்த இடத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பம்பைத் தொடக் கூடாது.

கடைசியாக, தம்பியிடம் கொஞ்சம் அழுத்தியே சொன்ன விஷயம். நீளத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களைவிட, விறைப்பு குறைகிறதே என்று கவலைப்பட்டு அதை வெளியே சொல்லாமல் இருக்கிறவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. ஆண்குறிக்குப் போகிற தமனியின் உள்விட்டம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர். இதயத்துக்குப் போகிற தமனி மூன்று நான்கு மில்லிமீட்டர். கொழுப்பு படிந்தால் சின்னக் குழாய்தான் முதலில் அடைபடும். அதனால் விறைப்புக் குறைவு, மாரடைப்புக்கு மூன்று முதல் ஐந்து வருடம் முன்னால் வருகிற எச்சரிக்கையாக இருக்கலாம். 2019-ல் மலேசியச் சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். நோய் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. அப்படிப்பட்ட ஒருவருக்கு உடம்பு முதலில் சொல்லி அனுப்புகிற செய்தி படுக்கையறையில்தான் வரலாம். அவர் அதை ஓர் எண்ணெய்ப் புட்டியாலும் இணையப் பம்பாலும் மூடி மறைத்தால், மறைவது செய்தி மட்டும்தான்.

தம்பி அந்தப் பம்பை வாங்கவில்லை. கல்யாணம் முடிந்து, இப்போது பட்டர்வொர்த்தில் இருக்கிறான்.

உங்களுக்கு விறைப்புக் குறைவு இருந்தால் முதலில் ஓர் அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு தேவைப்பட்டால் ஜாலான் ரெசிடென்சியில் இருக்கிற பினாங்கு பொது மருத்துவமனையின் சிறுநீரியல் மருத்துவப் பிரிவுக்கு அவர்களே கடிதம் கொடுத்து அனுப்புவார்கள். மருத்துவர் பெண்ணாக இருந்தாலும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். ஒரு நாளில் இதை எத்தனையோ பேரிடம் கேட்கிறவர் அவர். மலேசியக் குடிமகனுக்கு அரசாங்க கிளினிக்கில் கட்டணம் 1 ரிங்கிட்.